கணுக்கால் ஃபியூஷன்: இரண்டு ஸ்க்ரூவா, மூன்றா, பிளேட்டா? எது அசையாமல் பிடிக்கும்?

இழைப்புளி:

வணக்கம். நான் மரவேலை செய்கிறவன், வயது 46. பதினான்கு வருடங்களுக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து வலது கணுக்கால் உடைந்தது. அப்போது வெளிப்பக்கம் ஒரு பிளேட்டும் உட்பக்கம் இரண்டு ஸ்க்ரூவும் வைத்தார்கள், எலும்பு நன்றாகவே சேர்ந்துவிட்டது, ஆனால் மூட்டுக்குள் இருந்த குருத்தெலும்பு வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே வந்து இப்போது எக்ஸ்ரேயில் இடைவெளி என்று ஒன்றே இல்லை. ஊசி போட்டாயிற்று, பட்டை கட்டியாயிற்று, ஷூவை மாற்றியாயிற்று. காலையில் எழுந்து வைக்கிற முதல் பத்து அடிக்குச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டு எலும்பு டாக்டர்களைப் பார்த்தேன். இருவருமே மூட்டை நிரந்தரமாக ஒட்டவைத்துவிடலாம் (ஃபியூஷன்) என்றுதான் சொன்னார்கள், அதில் எனக்குச் சம்மதம். குழப்பம் எதில் என்றால், முதல் டாக்டர் தடிமனான இரண்டு ஸ்க்ரூவைக் குறுக்காகப் போட்டால் போதும் என்கிறார். இரண்டாமவர் மூன்று ஸ்க்ரூ போடுவேன், திறந்து பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் முன்பக்கம் பிளேட்டும் வைப்பேன் என்கிறார்.

எனக்குத் தெரிந்த தொழிலை வைத்துத்தான் எனக்கு யோசிக்க வருகிறது. இரண்டு பலகையை ஒரே ஸ்க்ரூவால் இணைத்தால் அது கதவு மாதிரி சுழலும், இரண்டு போட்டால் நிற்கும், மேலே ஒரு இரும்புப் பட்டையை வைத்து முடுக்கிவிட்டால் அசையவே அசையாது. அப்படியானால் பிளேட்தானே நல்லது, ஏன் எல்லோருக்கும் அதையே வைப்பதில்லை? ஆய்வகச் சோதனைகளிலும் பிளேட் சேர்த்ததுதான் அதிக விறைப்பு என்று படித்தேன். என் எடை 82 கிலோ, நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. இந்த அறுவையை ஒரே ஒரு தடவைதான் செய்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முறுக்குவிசை:

நண்பரே, எலும்புக்குள் வைக்கும் உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை செய்தவன் நான். மருத்துவன் இல்லை, இயந்திரவியல் படித்தவன். சோதனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், உங்கள் காலைப் பற்றி டாக்டர்கள் சொல்லட்டும்.

நீங்கள் படித்தது சரிதான். 1994-இல் வந்த ஆய்வுகளில் இரண்டு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. ஒன்று, இணையாகப் போடும் ஸ்க்ரூவைவிடக் குறுக்காகப் போடும் ஸ்க்ரூ முறுக்கை நன்றாகத் தாங்குகிறது. இன்னொன்று, இரண்டைவிட மூன்று ஸ்க்ரூ நன்றாக இறுக்குகிறது, முறுக்கையும் கூடுதலாகத் தாங்குகிறது. அப்புறம் 2007-இல் ஸ்க்ரூவோடு முன்பக்கப் பிளேட்டையும் சேர்த்துச் சோதித்தார்கள், விறைப்பு இன்னும் ஏறியது. இதிலெல்லாம் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் அந்த எண்கள் எவ்வளவு தூரம் பேசும் என்று புரியும். தானமாக வந்த காலையோ செயற்கை எலும்பையோ எடுத்து, மூட்டின் இரண்டு பரப்பையும் சீவி, ஸ்க்ரூவைப் போட்டு, மேல் முனையையும் கீழ் முனையையும் பிசினில் வார்த்து எந்திரத்தில் பூட்டுகிறோம். பிறகு முன்னும் பின்னும் வளைக்கிறோம், பக்கவாட்டில் வளைக்கிறோம், முறுக்குகிறோம். ஒரு டிகிரி திருப்ப எத்தனை நியூட்டன் மீட்டர் திருப்புவிசை ஆனது என்பதுதான் விறைப்பு. சில சோதனைகளில் சின்ன சுமையை ஆயிரக்கணக்கான தடவை மாற்றி மாற்றிக் கொடுத்து எப்போது தளர்கிறது என்று பார்ப்போம்.

சோதனை முடிந்து பிரித்துப் பார்க்கும்போது ஸ்க்ரூ பெரும்பாலும் போட்டபடி நேராகத்தான் இருக்கும். ஸ்க்ரூவின் மரையைச் சுற்றியிருந்த பஞ்செலும்புதான் மாவாக நொறுங்கியிருக்கும், வட்டமாகப் போட்ட துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். விரல் நுனியால் தொட்டாலே அந்த மாவு உதிரும். தளர்வது உலோகமல்ல, உலோகத்தைப் பிடித்திருக்கிற எலும்பு. அதனால்தான் ஒரே அளவு ஸ்க்ரூவை ஒரே கோணத்தில் போட்டாலும் அடர்த்தியான எலும்பில் ஒரு முடிவும் மெலிந்த எலும்பில் வேறொரு முடிவும் வருகிறது. எத்தனை ஸ்க்ரூ என்று கேட்பதற்கு முன்னால் எப்படிப்பட்ட எலும்பில் என்று கேட்பவன் நான்.

தடிமனைப் பற்றி ஒரு கணக்கு. உருண்டைக் கம்பியின் வளைவு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு ஏறும். விட்டம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடும். இந்த அறுவையில் பொதுவாகப் போடுவது 6.5 முதல் 7.3 மில்லிமீட்டர் வரை உள்ள, நடுவில் துளையுள்ள ஸ்க்ரூ. நடுவில் துளை இருந்தால் பலம் போய்விடுமோ என்று பயப்படத் தேவையில்லை, துளையின் விட்டம் வெளிவிட்டத்தில் பாதி இருந்தால்கூட வளைவு விறைப்பில் பதினாறில் ஒரு பங்குதான் குறையும்.

எந்தத் திசையில் சுமை வருகிறது என்பதையும் பாருங்கள். இயல்பான நடையில் குதிகால் எழும்பி முன்பாதம் தள்ளுகிற நேரத்தில் கணுக்காலில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.5 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வரும். உங்கள் 82 கிலோவுக்குச் சுமார் 120. அந்த நேரத்தில் பாதத்தின் முன்பகுதி மேலே வளையப் பார்க்கிறது, மூட்டின் பின்பக்கம் திறக்கப் பார்க்கிறது. டிபியாவின் (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு) பின்புறத்திலிருந்து முன்னோக்கி டாலஸின் (மூட்டில் அதற்குக் கீழே இருக்கும் எலும்பு) கழுத்துக்குள் இறக்குகிற மூன்றாவது ஸ்க்ரூ அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது, பின்பக்கத்தை அது திறக்கவிடாது. இரண்டாவது டாக்டர் மூன்று என்று சொன்னதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

எலும்பு மருத்துவர்:

மேலே நண்பர் எழுதியது நல்ல விளக்கம். நான் கால் அறுவை செய்கிறவன். உங்கள் காலைப் பார்க்காமல் இன்னதுதான் போட வேண்டும் என்று சொல்ல மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

இழைப்புளி, நீங்கள் இரும்புப் பட்டையை உதாரணம் சொன்னீர்கள். உங்கள் தொழிலிலேயே இதைவிடப் பொருத்தமான உதாரணம் இருக்கிறது: பசை போட்டு கிளாம்ப் வைப்பது. இரண்டு பலகையைப் பசை தடவி ஒட்டும்போது கிளாம்ப் எவ்வளவு பெரியது என்பதா கடைசியில் அந்த ஒட்டைத் தாங்குகிறது? பசை காயும்வரை அசையாமல் வைத்திருப்பதுதான் கிளாம்ப்பின் வேலை. இழைத்த பரப்பு இரண்டும் ஒன்றோடு ஒன்று படியவில்லை என்றால் எத்தனை கிளாம்ப் வைத்தும் பயனில்லை. கணுக்காலிலும் அப்படித்தான். ஸ்க்ரூவும் பிளேட்டும் கிளாம்ப், பசை உங்கள் உடம்பு போடும் புது எலும்பு. காய்வதற்கு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு நான்கு. அதற்குள் உலோகம் தளர்ந்துவிட்டால் ஒட்டு வராது. அதற்குள் எலும்பு சேர்ந்துவிட்டால் சுமையை எலும்பே எடுத்துக்கொள்ளும், உலோகம் அதற்குப் பிறகு சும்மா கிடக்கும்.

ஆய்வகச் சோதனை சொல்வது முதல் நாளின் பலத்தை. செத்த எலும்பு ஒட்டாது, அதனால் அதற்கு இரண்டாவது நாள் கிடையாது. எனக்கோ முதல் நாளிலிருந்து நூறாவது நாள்வரை கவலை இருக்கிறது.

அந்த நூறு நாளில் என்ன நடக்கிறது? இரண்டு எலும்புக்கும் நடுவில் உருவாகிற திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதைப் பொறுத்தே அது எலும்பாகுமா நாராகவே நின்றுவிடுமா என்பது தீரும். முதலில் வருகிற மென்திசு 100 சதவீத இழுவையைக்கூடத் தாங்கும், குருத்தெலும்பு சுமார் 10, எலும்பு சுமார் 2 சதவீதம்தான் தாங்கும். இப்போது கணக்குப் போடுங்கள். இடைவெளி 1 மில்லிமீட்டர், அசைவு 0.1 மில்லிமீட்டர் என்றால் இழுவை 10 சதவீதம், அங்கே எலும்பு வராது. அதே அசைவு 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் நடந்தால் 100 சதவீதம், நிலைமை இன்னும் மோசம். ஆகவே சின்ன இடைவெளிதானே என்று விட முடியாது. ஒன்று, இடைவெளியே இல்லாமல் அழுத்தி வைக்க வேண்டும், அல்லது அசைவே இல்லாமல் பிடிக்க வேண்டும். நல்ல அறுவையில் இரண்டும் இருக்கும்.

அழுத்துவது ஒன்றும் புதிதல்ல. 1951-இலேயே ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய எலும்பு அறுவை மருத்துவர் கணுக்காலின் இரண்டு எலும்புகளிலும் குறுக்கே கம்பியைச் செருகி, வெளியே கிளாம்ப் பூட்டி அழுத்தி ஒட்டவைக்கும் முறையை எழுதினார். இப்போது அந்த அழுத்தத்தை உள்ளேயிருந்து ஸ்க்ரூ கொடுக்கிறது. இங்கே நான் மாணவர்களிடம் ஒவ்வொரு தடவையும் பார்க்கச் சொல்வது: ஸ்க்ரூவின் மரை முழுவதும் டாலஸுக்குள் இறங்கியிருக்க வேண்டும், மரையில்லாத வழவழப்பான தண்டுதான் மூட்டுக் கோட்டைக் கடக்க வேண்டும். மரை இரண்டு எலும்பிலும் பிடித்துக்கொண்டால் எவ்வளவு முடுக்கினாலும் நடுவில் இருக்கிற இடைவெளி அப்படியே நிற்கும். மேல் பலகையில் தளர்வான துளை போடாமல் நேரே ஸ்க்ரூவை ஏற்றினால் இரண்டு பலகையும் ஒட்டாமல் விலகி நிற்குமே, அதேதான்.

பரப்பைத் தயாரிப்பதுதான் அறுவையின் பெரும்பகுதி நேரம். குருத்தெலும்பை முழுக்கச் சுரண்டி எடுத்து, கீழே இருக்கும் கெட்டி எலும்பில் நெருக்கமாகச் சிறு துளைகள் போட்டு ரத்தம் கசிகிற பரப்பாக்குவோம். வேகமாகச் சுழலும் கருவியைத் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டினால் எலும்பு சூடேறும், 47 டிகிரி ஒரு நிமிடம் நின்றாலே எலும்புச் செல் சாகும். மழுங்கிய பிளேடால் கருகிப் பளபளக்கிற பலகையில் பசை பிடிக்காதே, அந்த மாதிரி. டாலஸின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் குருத்தெலும்பு மூடியது, ரத்தக்குழாய் நுழைய இடமே கொஞ்சம்தான். அதனால் அந்த எலும்பைப் பக்குவமாகக் கையாள வேண்டும்.

சரி, பிளேட்டை ஏன் எல்லோருக்கும் வைப்பதில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். கணுக்காலின் முன்பக்கம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதையே இல்லை. அந்த மெல்லிய இடத்தில்தான் பாதத்தைத் தூக்கும் தசைநார்கள், பாதத்துக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய், ஒரு நரம்பு எல்லாம் போகின்றன. பிளேட் வைக்க அவற்றை விலக்கி நீளமாகத் திறக்க வேண்டும். காயம் ஆறாவிட்டால் உலோகம் வெளியே தெரிகிற நிலைகூட வரலாம். ஸ்க்ரூ மட்டும் என்றால் சின்னச் சின்னக் கீறல்கள், கோணல் அதிகம் இல்லாத காலில் மூட்டுக்குள் கேமரா விட்டே பரப்பைத் தயாரித்துவிடலாம். எலும்பு மெலிந்தவர்கள், டாலஸில் ஒரு பகுதி செத்துப்போனவர்கள், எலும்பு இழப்போ பெரிய கோணலோ உள்ளவர்கள், முதல் முயற்சி ஒட்டாமல் போனவர்கள், சர்க்கரையால் பாத உணர்வு போனவர்கள் என்றால் நான் பிளேட்டைத் தயங்காமல் எடுப்பேன். மற்றவர்களுக்கு ஸ்க்ரூவே நன்றாகப் போதும் என்பது என் அனுபவம்.

உங்களிடம் சில கேள்விகள்: சிகரெட் உண்டா? சர்க்கரை உண்டா? பழைய பிளேட்டும் ஸ்க்ரூவும் இன்னும் காலில் இருக்கின்றனவா?

முறுக்குவிசை:

டாக்டர், ஒரு இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். முதல் நாள் பலம் பெரிய விஷயமில்லை என்பதுபோல் படிப்பவர்களுக்குத் தோன்றிவிடக் கூடாது. எலும்பு சேரும்வரை எவ்வளவு அசைவு இருக்கும் என்பதை அந்த முதல் நாள் விறைப்புதான் தீர்மானிக்கிறது. நீங்கள் சொன்ன 0.1 மில்லிமீட்டர் அங்கேயிருந்துதான் வருகிறது. குறிப்பாக முறுக்கு. சுமை செங்குத்தாக வந்தால் எலும்பு எலும்பின் மேல் அமரும், அது நல்லது. கட்டிலில் புரளும்போது, ஒற்றைக் காலில் திரும்பும்போது வருகிற முறுக்கை இரண்டு ஸ்க்ரூ மட்டும் சுமந்தால் அது துளையை அரைத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். இயற்கையில் டாலஸ் மேலிருந்தும் இரண்டு பக்கமிருந்தும் ஒரு பொருத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. பரப்பை ரம்பத்தால் தட்டையாக வெட்டினால் அந்தப் பொருத்து போய்விடுகிறது. வளைவை வளைவாகவே வைத்துச் சுரண்டினால் எலும்பின் வடிவமே முறுக்கைத் தடுக்கிறது. வெளிப்பக்க ஃபிபுலாவை (டிபியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய எலும்பு) வெட்டி எடுக்காமல் வைத்தால் அது பக்கவாட்டில் ஒரு முட்டு மாதிரி நிற்கிறது. செலவில்லாமல் கிடைக்கிற விறைப்பு அது.

எலும்பு மருத்துவர்:

ஏற்றுக்கொள்கிறேன், நான் எழுதிய தொனி அப்படி இருந்திருந்தால் திருத்திக்கொள்கிறேன். ஃபிபுலாவைப் பற்றியும் சரி. பக்கவாட்டில் திறக்கும்போது முன்பெல்லாம் அதன் கீழ்முனையை வெட்டி, அரைத்து எலும்பு ஒட்டாகப் பயன்படுத்துவேன். இப்போது முடிந்தவரை விட்டுவைக்கிறேன், பிற்காலத்தில் செயற்கை மூட்டுக்கு மாற வேண்டுமென்றாலும் அது இருந்தால்தான் வழி. தட்டையாக வெட்டுவது பெரிய கோணலை நேராக்க வேண்டிய காலுக்கு மட்டும்தான்.

இரண்டாவது தடவை:

நான் டாக்டரும் இல்லை, என்ஜினீயரும் இல்லை. இந்த அறுவையை இரண்டு தடவை செய்துகொண்டவள். இழைப்புளி அண்ணா ஒரு தடவையோடு முடிய வேண்டும் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் தடவை இரண்டு ஸ்க்ரூ, இரண்டும் ஏறக்குறைய இணையாக இருந்தன. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். மூன்றாவது வாரமே ராத்திரி பாத்ரூம் போக வாக்கரை எடுக்கச் சோம்பல்பட்டு மாவுக்கட்டோடு குதிகாலை வைத்து நடந்திருக்கிறேன், ஒரு நாள் இல்லை, பல நாள். வலிக்கவில்லை, அதனால் பரவாயில்லை என்று நினைத்தேன். ஐந்தாவது மாதத்தில் எல்லோருக்கும் குறைகிற வலி எனக்குக் கூடியது. உட்கார்ந்திருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது உள்ளே ஏதோ நகர்கிற மாதிரி சுருக்கென்று குத்தும், மாலையில் கணுக்கால் சூடாகி வீங்கும். எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தது. சிடி ஸ்கேனில் நடுவில் ஒட்டவே இல்லை, பின்பக்கம் மட்டும் ஒரு ஓரத்தில் கொஞ்சம் பாலம் போட்டிருந்தது.

இரண்டாவது தடவை வேறு டாக்டர். பழைய ஸ்க்ரூவை எடுத்தார், நடுவில் இருந்த நார்த்திசுவையெல்லாம் சுரண்டி, இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து நிரப்பி, முன்பக்கப் பிளேட்டோடு ஸ்க்ரூவும் வைத்தார். இடுப்பு வலி காலைவிட அதிகமாக இருந்தது, இரண்டு மாதம் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. முன்பக்கக் காயத்தின் நடுவில் ஒரு இடம் மட்டும் ஐந்து வாரம் ஆறாமல் கசிந்தது, அந்த ஐந்து வாரமும் பயந்துகொண்டே இருந்தேன். ஆனால் ஒட்டிவிட்டது. மூன்று வருடம் ஆகிறது, மேடு பள்ளத்தில் கவனமாக நடக்கிறேன், மற்றபடி வலி இல்லை.

முதல் தடவை ஒட்டாததற்கு ஸ்க்ரூ காரணமா, நான் நடந்தது காரணமா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் சேர்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வலிக்கவில்லை என்பதால் ஊன்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள் அண்ணா.

இழைப்புளி:

எல்லோருக்கும் நன்றி. மரை இரண்டு பலகையிலும் பிடித்தால் இடைவெளி நிற்கும் என்ற வரியைப் படித்ததும் மொத்தமும் புரிந்துவிட்டது டாக்டர், அந்தத் தப்பைப் புதிதாக வருகிற பையன்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது செய்வார்கள்.

தங்கச்சி, உங்கள் அனுபவத்தை இவ்வளவு திறந்து எழுதியதற்கு நன்றி. ராத்திரி பாத்ரூம் விஷயத்தை வீட்டில் படித்துக் காட்டினேன், கட்டிலுக்குப் பக்கத்திலேயே வாக்கர் இருக்கும்.

டாக்டர், சர்க்கரை இல்லை, பரிசோதித்துவிட்டேன். பழைய பிளேட்டும் ஸ்க்ரூவும் உள்ளேயே இருக்கின்றன. சிகரெட் உண்டு, ஒரு நாளைக்கு ஏழெட்டு. இரண்டு டாக்டரிடமும் இதைச் சொல்லவில்லை, அவர்கள் கேட்டபோது எப்போதாவது என்று சொல்லிவிட்டேன். அது மூச்சுக்குத்தான் கெடுதல், எலும்புக்கு என்ன என்று நினைத்தேன். இது உண்மையிலேயே ஸ்க்ரூ எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயமா?

இன்னொரு சந்தேகம். தெரிந்தவர் ஒருவருக்குக் குதிகாலின் அடியிலிருந்து டிபியாவுக்குள் நீளமான ராட் ஏற்றியிருக்கிறார்கள். அதுதான் இருப்பதிலேயே உறுதி என்கிறார். எனக்கு அதைக் கேட்கலாமா?

எலும்பு மருத்துவர்:

சிகரெட் பற்றி நேராகச் சொல்கிறேன். ஆமாம், பெரிய விஷயம். கணுக்கால் ஃபியூஷனில் ஒட்டாமல் போவது பொதுவாக 100 பேரில் சுமார் 10 பேருக்கு. சிகரெட் பிடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து நான்கு மடங்குக்கு நெருக்கமாகப் போனதாகக் கண்ட ஆய்வு உண்டு. நிகோடின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு ரத்தம் சுமக்கிற ஆக்ஸிஜனைக் குறைக்கிறது. டாலஸுக்கு ரத்தம் வருவதே கொஞ்சம் என்று மேலே சொன்னேன். பசை காயவே இல்லை என்றால் நீங்கள் எந்தக் கிளாம்ப் வைத்திருந்தால் என்ன? உங்கள் டாக்டரிடம் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லுங்கள், அவர் திட்டமே மாறலாம். குறைந்தது ஆறு வாரம் முன்னால் நிறுத்தி, எலும்பு ஒட்டும்வரை தொடக் கூடாது என்றுதான் நான் என் நோயாளிகளிடம் கேட்பேன். வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராட் பற்றி: அது குதிகால் எலும்பு வழியாக ஏறுவதால் டாலஸுக்குக் கீழே இருக்கும் மூட்டையும் சேர்த்து மூடிவிடும். பாதம் உள்ளும் புறமும் சாய்வது அந்த மூட்டில்தான், மேடு பள்ளத்துக்கு ஏற்பக் கால் தன்னைச் சரிசெய்துகொள்வது அதனால்தான். அது கெட்டுப்போயிருந்தால் ராட் நல்ல வழி. நன்றாக இருக்கிற மூட்டை விறைப்புக்காக மட்டும் பலி கொடுக்க மாட்டேன். கணுக்காலை மூடிய பிறகு பக்கத்து மூட்டுகள் கூடுதல் வேலை செய்து பல வருடத்தில் தேய்வது தெரிந்த விஷயம், அதில் ஒன்றை நாமே மூட வேண்டாம்.

முறுக்குவிசை:

ராட்டிலும் பலவீனமான முனை உண்டு. மேலே டிபியாவில் கெட்டி எலும்பு பிடித்துக்கொள்ளும், கீழே குதிகால் எலும்பு பஞ்சு மாதிரி. அங்கே பூட்டுகிற ஸ்க்ரூவைப் பக்கவாட்டில் போடாமல் பின்னாலிருந்து முன்னால் நீளவாக்கில் போட்டால் நல்ல பிடி கிடைக்கிறது. அப்புறம் ராட்டின் மேல்முனையில் அழுத்தம் ஒரே இடத்தில் குவிந்து, அங்கே டிபியாவில் விரிசல் வருவதும் உண்டு. எது எவ்வளவு உறுதி என்ற கேள்விக்கு எல்லாத் திசைக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாது.

இழைப்புளி:

நேற்று இரண்டாவது டாக்டரிடம் போயிருந்தேன். சிகரெட்டை உள்ளபடி சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அடுத்த வாரம் இருந்த தேதியை இரண்டு மாதம் தள்ளிவிட்டார். சிடி ஸ்கேனைத் திரையில் போட்டுக் காட்டினார்: எலும்பு அடர்த்தி நன்றாக இருக்கிறது, கோணல் 5 டிகிரிக்குள்தான், கீழ் மூட்டு கெடவில்லை. கேமரா வழியாகப் பரப்பைத் தயாரித்து, குறுக்காக இரண்டு, பின்னாலிருந்து ஒன்று என்று மூன்று ஸ்க்ரூ. பிளேட் ட்ரேயை அறையில் தயாராக வைத்திருப்பாராம், மரை பிடிக்கவில்லை என்று கையில் உணர்ந்தால் மட்டும் திறப்பாராம். பாதத்தை மேலும் கீழும் சாய்க்காமல் நேராக, குதிகாலை 5 டிகிரி வெளியே சாய்த்து, விரல்களை இன்னொரு காலைப் போலவே லேசாக வெளியே திருப்பி வைப்பேன் என்றார்.

ஒன்று மட்டும் கேட்க மறந்துவிட்டேன். உட்பக்கம் இருக்கிற பழைய இரண்டு ஸ்க்ரூ புது ஸ்க்ரூவின் வழியில் குறுக்கே நிற்காதா?

எலும்பு மருத்துவர்:

நிற்கும், அநேகமாக உட்பக்கத்திலிருந்து போகிற ஸ்க்ரூவின் பாதையில்தான். அதை முதலில் எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். பழைய துளை வழியாகவே புதியதைப் போடக் கூடாது, பிடி கிடைக்காது, ஒரு விரல் அகலமாவது தள்ளி நுழைவார். வெளிப்பக்க ஃபிபுலாவில் இருக்கிற பிளேட் தடுக்காவிட்டால் விட்டுவிடலாம்.

நீங்கள் செய்ய வேண்டிய ஒரே வேலை, பழைய அறுவையின் டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்துக் கொடுப்பது. அதில் ஸ்க்ரூவின் வகையும் அளவும் இருந்தால் அதன் தலைக்குப் பொருந்துகிற ஸ்க்ரூடிரைவரை முன்கூட்டியே வரவழைத்துவிடுவார்கள். பதினான்கு வருடம் எலும்பில் இருந்த ஸ்க்ரூ, பொருந்தாத டிரைவரால் திருப்பினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் அதைச் சுற்றி எலும்பைக் குடைந்துதான் எடுக்க வேண்டிவரும், புதிய ஸ்க்ரூவுக்குப் பிடி தர வேண்டிய எலும்பே அதில் போய்விடும்.

இழைப்புளி:

தாள் கிடைத்துவிட்டது டாக்டர், பழைய எக்ஸ்ரே உறைக்குள்ளேயே மடித்து வைத்திருந்தது. நாளைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.